இன்றிரவு ஐடா யார்?

இத்தாலியின் வெரோனா நகரில், ரோமானியர் கட்டிய கல்லரங்கத்தில், ஒரே ஓபராவை இரண்டு இரவுகள் பார்த்தேன். மேடை மாறவில்லை, இசை மாறவில்லை. பாடியவர்கள் மட்டும் மாறினார்கள்.

பிற்பகல் மூன்று மணி வெயிலில் ஒரு ஸ்பிங்ஸ் தெருவோரம் உட்கார்ந்திருந்தது. சிங்க உடம்பு, மனித முகம், ஆள் உயரத்துக்கு மேல் பருமன். முன்னால் நின்று பார்த்தால் எகிப்தின் பாலைவனத்திலிருந்து பெயர்த்து வந்த கல் என்றே தோன்றும். பின்னால் போனால் இரும்புச் சட்டமும் மரப்பலகையும் தெரியும். அதன் நிழலில் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளித் தூண்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. மஞ்சள் தொப்பி அணிந்த தொழிலாளர்கள் கிரேனின் கொக்கியை மாட்டிக் குரல் கொடுக்க, ஒரு தூண் மெல்ல எழுந்து, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான சுவருக்கு மேலே பறந்து, உள்ளே இறங்கி மறைந்தது.

வெரோனாவின் பியாட்சா பிரா சதுக்கத்தில் கோடைகாலம் முழுக்க இது அன்றாடக் காட்சி. அரேனா எனப்படும் அந்தக் கல்லரங்கத்தில் ஒரு நாள் எகிப்து, மறுநாள் ஸ்பெயின், அதற்கடுத்த நாள் சீனா. இரவு ஒரு ஓபரா முடிந்ததும் அதன் கோயில்களும் அரண்மனைகளும் சதுக்கத்துக்கு வெளியேறும். அடுத்த ஓபராவின் நகரம் உள்ளே போகும்.

அரங்கச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டிக்கு முன் நின்றேன். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘ஐடா’. ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கும் எதிரே ஒன்றல்ல, பல பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தேதிகள். ஐடாவாக இந்தத் தேதிகளில் இவர், அந்தத் தேதிகளில் அவர். ராடமேஸுக்கும் அப்படியே, ஆம்னெரிஸுக்கும் அப்படியே. என்னிடம் இரண்டு இரவுகளுக்கான சீட்டு இருந்தது. இரண்டும் ஐடாவுக்கே. வேண்டுமென்றே இரண்டு வேறு அணிகள் பாடும் தேதிகளாகப் பார்த்து எடுத்திருந்தேன்.

‘ஒரே நாடகத்தை எதற்கு இரண்டு தடவை?’ என்று ஊரில் கேட்டவர்களுக்கு அப்போது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

கல்லரங்கம் பாடத் தொடங்கிய கதை

அரேனா கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்தது. வீரர்களும் விலங்குகளும் மோதிக்கொள்வதைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடிய இடம். வெரோனாவைச் சுற்றியுள்ள மலைகளில் கிடைக்கும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த சுண்ணாம்புக்கல்லால் கட்டப்பட்டது. 1117இல் வந்த நிலநடுக்கத்தில் அதன் வெளிவட்டம் ஏறத்தாழ முழுவதும் சரிந்தது. இன்று மிஞ்சியிருப்பது ஒரு துண்டு. நான்கு வளைவுகள் மட்டும். ஊர்க்காரர்கள் அதை ‘சிறகு’ என்கிறார்கள். உள்வட்டமும் கல்படிகளும் பிழைத்துக்கொண்டன. அந்தப் படிகளில்தான் இன்றும் மக்கள் உட்கார்கிறார்கள்.

இந்த இடத்தை ஓபராவின் வீடாக்கியவர் ஜொவான்னி செனாத்தெல்லோ. வெரோனாவில் பிறந்த டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல் பாடகர். 1904இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் புச்சினியின் ‘மதாமா பட்டர்ஃபிளை’ முதன்முதலாக மேடையேறியபோது நாயகனாகப் பாடியவர். 1913 வெர்டியின் நூற்றாண்டு. அதைச் சொந்த ஊரில் கொண்டாட நினைத்த செனாத்தெல்லோ, ஆளில்லாத அரேனாவின் நடுவில் நின்று ஐடாவிலிருந்து ஒரு பாடலைப் பாடினாராம். உச்சிப்படி வரை ஏறி நின்ற நண்பர்களுக்கும் அது தெளிவாகக் கேட்டதாம். வெரோனாவில் எல்லாரும் சொல்லும் கதை இது.

1913 ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு ஐடா அரங்கேறியது. இசை நடத்துநர் துல்லியோ செராஃபின். ராடமேஸ், செனாத்தெல்லோவே. மேடையை அமைத்தவர் எத்தொரே ஃபாஜுவோலி. திரைச்சீலையில் வரைந்த காட்சிகள் திறந்தவெளியில் எடுபடாது என்று உணர்ந்து, நிஜமாகச் சுற்றிவரக்கூடிய தூண்களையும் சிலைகளையும் நிறுத்தினார். அன்று கூடியவர்களில் பலர், இருட்டில் பாடல் வரிகளைப் படிப்பதற்காகக் கையில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். இரண்டு உலகப் போர்களின் காலம் நீங்கலாக, பெரும்பாலான ஆண்டுகளில் விழா நடந்து வந்திருக்கிறது. 2023இல் நூறாவது விழா. மெழுகுவத்தி ஏற்றும் வழக்கமும் அழியாமல் இருக்கிறது.

நான் பார்த்தது அந்த 1913 மேடையின் மறுபிறப்பு. ஃபாஜுவோலியின் பழைய வரைபடங்களைத் தேடியெடுத்து, 1982இல் ஜான்ஃபிராங்கோ தெ போசியோ இயக்கியது. வெயிலில் நான் பார்த்த ஸ்பிங்ஸுக்கு அப்படி ஒரு வம்சாவளி உண்டு.

ஒரு பாத்திரம், பல தொண்டைகள்

ஐடாவின் கதை எளிமையானது. எகிப்து அரண்மனையில் அடிமையாக இருப்பவள் ஐடா. அவள் எத்தியோப்பிய மன்னன் மகள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. எகிப்தின் தளபதி ராடமேஸ் அவளைக் காதலிக்கிறான். பாரோவின் மகள் ஆம்னெரிஸ் ராடமேஸைக் காதலிக்கிறாள். இரண்டு நாடுகளுக்கும் போர். வென்று திரும்பும் ராடமேஸ், ஐடாவுக்காகப் படை செல்லும் வழியை வாய்தவறிச் சொல்லிவிட, துரோகி என்று உயிரோடு கல்லறையில் அடைக்கப்படுகிறான். அங்கே அவனுக்கு முன்பே நுழைந்து ஒளிந்து காத்திருக்கிறாள் ஐடா.

இந்த ஓபரா பிறந்தபோதே அதற்கு இரண்டு ஐடாக்கள். எகிப்தை ஆண்ட இஸ்மாயில் பாஷா கேட்டு வெர்டி எழுதியது இது. மேடைப்பொருள்களும் உடைகளும் பாரிஸில் தயாராகின. பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டதால் அவை உள்ளேயே சிக்கிக்கொண்டன. அரங்கேற்றம் தள்ளிப்போய், 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில் நடந்தது. அங்கே ஐடா பாடியவர் அன்தொனியெத்தா பொத்சோனி. வெர்டி கெய்ரோவுக்குப் போகவில்லை. ஏழு வாரத்துக்குள், 1872 பிப்ரவரி 8 அன்று, மிலானில் தெரேசா ஸ்டோல்ஸ் ஐடா ஆனார். ஆகவே, ‘அசல் ஐடா யார்’ என்ற கேள்விக்குத் தொடக்கத்திலிருந்தே ஒற்றை விடை இல்லை.

அணிகள் மாறி மாறிப் பாடுவதற்கு முதல் காரணம் உடம்பு. ஐடா பாடும் சொப்ரானோவின், அதாவது உயர்ந்த பெண்குரலின், உச்ச ஸ்வரத்தில் குரல்நாண்கள் நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் அதிர்கின்றன. பெரிய வாத்தியக் குழுவையும் கோரஸையும் தாண்டி, கூரையில்லாத வெளியில் ஆயிரக்கணக்கானோர் காதுக்கு அது போய்ச் சேர வேண்டும். ஓர் இரவு அப்படிப் பாடியவருக்கு இரண்டு மூன்று நாளாவது தொண்டை ஓய்வு வேண்டும். கோடை முழுக்கப் பல முறை மேடையேறும் ஒரு நாடகத்தை ஒரே தொண்டையின் மேல் ஏற்றி வைக்க முடியாது.

இரண்டாவது காரணம், இந்தக் கலை நடக்கும் முறை. பெரிய ஓபராப் பாடகருக்கு நிலையான ஒரே மேடை கிடையாது. பாத்திரத்தை மனப்பாடமாகத் தொண்டையில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறவர். ஜூனில் இங்கே ஐந்து இரவுகள் பாடினால், ஜூலையில் வேறொரு நாட்டில் வேறொரு பாத்திரம். அவர் விட்டுப்போன இடத்துக்கு இன்னொருவர் வருவார். நடுவில் வந்து சேர்பவருக்கு ஒத்திகைக்குக் கிடைப்பது சொற்ப நேரம். எந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், எந்தப் படியில் நிற்க வேண்டும், நடத்துநரின் கோல் எங்கிருந்து தெரியும் என்பதைத் தெரிந்துகொண்டு மேடையேறிவிட வேண்டும். சேர்ந்து காதலித்து, சேர்ந்து சாகப்போகிற இருவர் ஒருவரையொருவர் சில நாள்களுக்கு முன்தான் சந்தித்திருக்கக் கூடும்.

இதை அறிந்தபோது எனக்கு மதுரையும் புதுக்கோட்டையும் நினைவுக்கு வந்தன. நம்முடைய ஸ்பெஷல் நாடகமும் இதேதான். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள் திருவிழா இரவில்தான் ஒன்றுசேர்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த வள்ளி திருமணம் எல்லோருக்கும் பாடம். நோட்டீஸில் முருகன் யார், வள்ளி யார், நாரதர் யார் என்று படத்தோடு போட்டிருக்கும். கதை தெரிந்த ஊர்தான். ஆனாலும் பாய் விரிக்கும்போதே கேட்பார்கள், ‘இன்னிக்கு வள்ளி யாரு?’ என்று.

வெரோனாவின் கல்படியில் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த மூதாட்டி என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

“இன்றிரவு ஐடா யார்?”

முதல் இரவு: நெருப்பு

மேல்படிகள் பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவு ஒன்பது மணிக்கும் திருப்பித் தந்துகொண்டிருந்தன. வாடகை மெத்தையைத் தாண்டிச் சூடு ஏறியது. எகிப்திய உடையணிந்த பெண் ஒருவர் மேடைக்கு வந்து பெரிய காங் ஒன்றை அடித்தார். வாத்தியக்காரர்கள் சுருதி சேர்த்தார்கள். இருள் சூழச் சூழ, படிகளில் அங்கங்கே மெழுகுவத்திகள் மினுங்கின. மூதாட்டி தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து ஏற்றி, அதன் சுடரிலிருந்து என்னுடையதை ஏற்றினார்.

நாடகம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ராடமேஸுக்குச் சோதனை. தொண்டை சூடேறுவதற்கு முன்பே, ஐடாவை எண்ணிப் பாடும் பெரும்பாடல். அதன் கடைசி உச்ச ஸ்வரத்தை மெல்ல, தேய்ந்து மறைவதாகப் பாட வேண்டும் என்று வெர்டி எழுதி வைத்திருக்கிறார். பெரும்பாலானோர் அதை ஓங்கிப் பாடிவிடுவார்கள். மெல்லப் பாடுவது அவ்வளவு கடினம். முதல் இரவின் ராடமேஸும் ஓங்கியே பாடினார். அந்த ஸ்வரம் ஈட்டிபோல் எழுந்து உச்சிப்படியைத் தொட்டது. கைதட்டல் நெடுநேரம் அடங்கவில்லை.

ஐடாவின் குரலும் அவருக்கு இணையாக இருந்தது. (இரு இரவுகளின் பாடகர்கள் பெயரையும் இங்கே நான் எழுதவில்லை, இது மதிப்பெண் பட்டியல் ஆகிவிடக் கூடாது.) அகலமான, செம்பு நிறக் குரல். காதலன் வென்று வரவேண்டும் என்று வாய் வாழ்த்த, அவன் வெல்லப்போவது தன் அப்பாவை என்று நெஞ்சு பதறும் இடத்தில், அந்தக் குரலில் அழுகையைவிடக் கோபமே மேலோங்கி நின்றது. அடிமை உடைக்குள் ஓர் அரசி நிற்கிறாள் என்பதை எவரும் மறக்க முடியாதபடி பாடினார். இரண்டாம் அங்கத்தின் வெற்றி ஊர்வலத்தில், இந்த ஓபராவுக்கென்றே செய்யப்பட்ட நீண்ட எக்காளங்கள் இரண்டு பிரிவாக முழங்கின. ஒரு பிரிவு ஒரு சுருதியில் தொடங்க, மற்றது வேறு சுருதியில் ஏறி எடுத்துக்கொண்டது. படைவீரர், பூசாரி, கைதி, மக்கள் என்று நூற்றுக்கணக்கானோர் நிறைந்த மேடை. அத்தனை பேரின் பாட்டுக்கும் மேலே அவர் குரல் தனியே கேட்டது.

அப்போதுதான் இந்த அரங்கின் இன்னொரு சிரமம் எனக்குப் புரிந்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும். மேடையின் கோடியில் 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு வாத்தியத்தின் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகத்தான் எட்டும். கேட்டுவிட்டுப் பாடினால் தாளம் சிதறிவிடும். அதனால் அவர்கள் காதை நம்புவதில்லை, கண்ணை நம்புகிறார்கள். எல்லோர் பார்வையும் நடத்துநரின் கோல்மேல். அந்தச் சிறு கோலின் அசைவில் முந்நூறு நானூறு பேரின் மூச்சு கட்டுண்டு கிடந்தது.

நள்ளிரவுக்குப் பிறகு இறங்கி நடந்தபோது நான் நிறைந்திருந்தேன். ஐடா என்றால் இதுதான் என்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கையை மூன்றாம் நாள் இழந்தேன்.

மாற்று ஆள் என்ற சொல்

நடுவில் இருந்த நாளில் அரங்கத்துக்கு வெளியே காபி குடித்தபடி அடுத்த இரவின் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். “அது இரண்டாவது அணிதானே.” விழாவின் முதல் நாள் பாடுபவர்களுக்கே புகைப்படமும் விமரிசனமும், பிற்பாடு வருகிறவர்களைப் பார்க்கும் பார்வையில் இப்படி ஒரு சலிப்பு உண்டு. ஆனால் ஐடாவின் வரலாறே அந்தச் சலிப்புக்கு மறுப்பு.

1886 ஜூன் 30, ரியோ டி ஜெனிரோ. பயணக் குழுவொன்றின் ஐடா. நடத்துநர் விலகிவிட்டார், பதிலுக்கு வந்தவரைக் கூட்டம் கூச்சலிட்டே விரட்டியது. செல்லோ வாசித்துக்கொண்டிருந்த 19 வயது இளைஞன் மேடைக்கு முன் வந்து, புத்தகத்தைப் பாராமல், முழு ஓபராவையும் நினைவிலிருந்து நடத்தி முடித்தான். அவன் பெயர் ஆர்துரோ தொஸ்கனீனி. பிறகு இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த நடத்துநர்களில் ஒருவர்.

2006 டிசம்பர் 10, மிலான், லா ஸ்காலா. ராடமேஸாகப் பாடிய ரொபேர்தோ அலான்யா, முதல் பாடலுக்கு மாடத்திலிருந்து கூச்சல் எழவே மேடையைவிட்டு வெளியேறினார். இசை ஓடிக்கொண்டிருக்கிறது, மேடையில் ராடமேஸ் இல்லை. இரண்டாவது அணியில் இருந்த அந்தொனெல்லோ பலோம்பி, போட்டிருந்த ஜீன்ஸும் கறுப்புச் சட்டையுமாக எகிப்துக்குள் நடந்து வந்து விட்ட இடத்திலிருந்து பாடினார். உடை மாற்ற நேரமில்லை, குரலைச் சூடேற்றவும் நேரமில்லை. அன்றிரவு ஐடா நின்றுபோகாமல் காத்தவர் அந்த ‘இரண்டாவது’ பாடகர்தான்.

வெரோனாவுக்கே சொந்தமான கதையும் உண்டு. 1947இல் அரேனாவுக்குப் பாடகர்களைத் தேர்ந்தெடுத்தவர் அதே செனாத்தெல்லோ. நியூயார்க்கில் பெரிதாக வாய்ப்பு எதுவும் அமையாமல் இருந்த 23 வயதுக் கிரேக்கப் பெண்ணின் குரலைக் கேட்டு அழைத்துவந்தார். ஒத்திகையில் விழுந்து கணுக்கால் பிசகி, வலியோடுதான் அந்தப் பெண் ‘லா ஜொகொண்டா’ ஓபராவில் இத்தாலிய மேடையில் முதன்முதலாகப் பாடினார். நடத்துநர், 1913இன் அதே செராஃபின். அந்தப் பெண் மரியா காலஸ். சுவரொட்டியில் அன்று அந்தப் பெயரைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது யாரென்று தெரிந்திருக்கும்? தெரியாத பெயருக்கும் காது கொடுப்பவர்களுக்குத்தான் அப்படியொரு இரவு வாய்க்கும்.

இரண்டாம் இரவு: நீர்

மூன்றாம் நாள் அதே படியில், சற்று இடப்பக்கமாக உட்கார்ந்தேன். அதே காங், அதே தூண்கள், அதே ஸ்பிங்ஸ். ராடமேஸ் முதல் பாடலின் கடைசி ஸ்வரத்துக்கு வந்தார். ஓங்கவில்லை. குரலை உள்ளே இழுத்து, வெர்டி எழுதியபடியே மெல்லப் பிடித்தார். நூலிழைபோல் அது நடுங்கியது. ஒரு கணம் அறுந்துவிடும் என்று பயந்தேன். அறவில்லை. தேய்ந்து, கல்லுக்குள் மறைந்தது. கைதட்டல் உடனே வரவில்லை. முதலில் ஒரு பெருமூச்சு கேட்டது; பிறகுதான் கைகள். வென்று காட்டும் தளபதியை முதல் இரவு பார்த்தேன். இன்று பார்த்தது, தன் காதலை உரக்கச் சொல்லவே அஞ்சும் ஓர் இளைஞனை.

இரண்டாம் அங்கம் முடிந்ததும் சில தூறல்கள். வயலின்காரர்கள் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். முதலில் காக்கப்பட வேண்டியவை அந்த மரக்கருவிகள்தான். யாரும் எழுந்து போகவில்லை. மழைச்சட்டைகள் விரிந்தன, கிழவர் ஒருவர் பாட ஆரம்பிக்க, நான்கு படி தள்ளி இன்னொருவர் சேர்ந்துகொண்டார். அரைமணி கழித்து நட்சத்திரம் தெரிந்தது. ஈரம் துடைத்தார்கள். இசை திரும்பியது.

மூன்றாம் அங்கம். நைல் நதிக்கரை, நிலவு. ராடமேஸுக்காகக் காத்திருக்கும் ஐடா, இனி ஒருபோதும் காண முடியாத தன் நாட்டை நினைத்துப் பாடுகிறாள். பசுமையான குன்றுகள், மணமான ஆற்றங்கரைகள். அந்தப் பாடல் படிப்படியாக ஏறி உச்ச ஸ்வரத்தைத் தொட வேண்டும்; தொடும்போது முரட்டுத்தனம் இருக்கக் கூடாது, இனிமையாக இருக்க வேண்டும். முதல் இரவின் ஐடா அந்த ஸ்வரத்தை மலையுச்சியில் கொடி நட்டதுபோல் நிறுத்தியிருந்தார்.

இந்த ஐடாவின் குரல் சிறியது. ஊர்வலக் காட்சியில் பல இடங்களில் அது கூட்டத்தில் மூழ்கிப்போனது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் நைல் கரையில் ஓபோ என்ற குழல் துணைக்கிருக்க, அவர் பாட ஆரம்பித்தபோது, அரங்கம் முழுவதும் உடம்பை முன்னே சாய்த்தது. என் முன்படியில் விசிறிக்கொண்டிருந்த பெண் விசிறியை மடியில் வைத்துவிட்டார். நடத்துநர் அதே மனிதர்தான். ஆனால் முதல் இரவைவிடத் தாளத்தைத் தளர்த்தி, பாடகிக்கு மூச்செடுக்க இடம் விட்டார். ஸ்வரம் ஏறியது. உச்சிக்குப் போகும் வழியில் ஏறுவது தெரியாமல் ஏறியது. உச்சியில் நின்றபோது, அது எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி காற்றில் இருந்தது. பிறந்த மண்ணை இழந்தவளின் குரல் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்குக் கொடி நட ஏது மலை?

கச்சேரியில் இரண்டு வித்துவான்கள் ஒரே ராகத்தைப் பாடினால் வித்தியாசம் தெரிவது நமக்குப் பழக்கம். அங்கே பாடகரின் கற்பனைக்கு வழி திறந்திருக்கிறது. ஐடாவில் அது கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும், அதன் நீளமும், அதன் பலமும் எழுதி வைக்கப்பட்டவை. ஒரு ஸ்வரத்தைக் கூட்டவோ குறைக்கவோ உரிமை இல்லை. ஆனாலும் மூன்று நாள்களுக்குள் இரண்டு வேறு பெண்களைப் பார்த்தேன். எங்கே மூச்செடுப்பது, எந்தச் சொல்லில் ஒரு கணம் தயங்குவது, எந்த ஸ்வரத்தை வெளிச்சத்தில் வைத்து எதை நிழலில் விடுவது என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுத முடியாது. பாடகரின் வாழ்க்கையிலிருந்து அது வருகிறது. எழுதப்பட்டது ஓபராவின் பாதிதான். மீதிப் பாதி, அன்றிரவு வருபவரின் தொண்டையில் இருக்கிறது.

முகம்

அணிகள் மாறும்போது குரலோடு இன்னொரு கேள்வியும் மேடையேறுகிறது. ஐடா எத்தியோப்பியப் பெண். வெள்ளைப் பாடகிகள் முகத்தில் கருமை பூசிக்கொண்டு அவளாக நிற்கும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. 2022 கோடையில் அரேனாவில் ஐடா பாடியவர்கள் அப்படிப் பூசிக்கொண்டதை எதிர்த்து, அதே விழாவில் ‘லா த்ராவியாத்தா’ பாட இருந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ஏஞ்சல் புளூ விலகிக்கொண்டார். அந்தச் செய்தி உலகெங்கும் போனது.

ஏஞ்சல் புளூவின் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். இரண்டு இரவுகள் கேட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஐடாவை ஐடாவாக்குவது சாயம் அல்ல. நாடிழந்தவளின் துயரத்தைக் கல்படிகள் வரை கொண்டுசேர்க்கும் குரல் இருந்தால் போதும். குரல் இல்லாவிட்டால் எந்தப் பூச்சும் உதவாது.

கல்லறையில் இரண்டு பேர்

கடைசிக் காட்சியில் மேடை இரண்டாகப் பிரியும். மேலே ஒளி வீசும் கோயில். கீழே இருண்ட கல்லறை. அவ்வளவு பெரிய ஊர்வலம் நடந்த மேடையில் இப்போது இரண்டே பேர், மெல்ல மெல்ல மூச்சடைத்துப் பாடுகிறார்கள். பிரம்மாண்டத்துக்காக இந்த ஓபராவைக் காண வருகிறவர்களுக்கு வெர்டி வைத்திருக்கும் முடிவு இது. முழக்கம் எதுவுமில்லை, வயலின்கள் மட்டும் மேலே, மேலே போய்க் கரைகின்றன.

முதல் இரவு, அந்த இருவரும் சாவை எதிர்த்து நின்று பாடியதாக உணர்ந்தேன். இரண்டாம் இரவு, குழந்தைகள் தூங்கப்போவதுபோல் இருந்தது. கல்லறைக்கு மேலே நின்று, ராடமேஸைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் துடிக்கும் ஆம்னெரிஸ்தான் அன்று என் நெஞ்சை அறுத்தார். அமைதி, அமைதி என்று அவள் வேண்டிக்கொள்வதோடு நாடகம் முடிகிறது. முதல் இரவு அந்தக் கடைசிச் சொல்லை நான் கவனிக்கவே இல்லை. இரண்டாம் அணி பாடியிராவிட்டால், ஐடாவின் கதை இறுதியில் ஆம்னெரிஸின் கதையும்தான் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இப்போது ஊரில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியும். ஒரு முறை பார்த்தால், பாடியவரை ஐடா என்று நினைத்துக்கொள்வோம். இரண்டு முறை பார்த்தால்தான், ஐடா அவர்கள் இருவரையும்விடப் பெரியவள் என்பது தெரியும். எழுதிய வெர்டி போய் நூறாண்டுக்கு மேல் ஆகிறது. அவள் மட்டும் ஒவ்வொரு கோடையிலும் யாரோ ஒருவர் தொண்டைக்குள் வந்து இறங்குகிறாள்.

எழுந்தபோது என் காலடிக் கல்லில் மெழுகு உறைந்து கிடப்பதைப் பார்த்தேன். அன்று என் கையில் மெழுகுவத்தி இல்லை. வேறு ஏதோ ஓர் இரவில், வேறு யாரோ ஒருவர், வேறொரு ஐடாவுக்காக ஏற்றியது. வெளியே சதுக்கத்தில் கிரேன் வேலையைத் தொடங்கியிருந்தது. ஸ்பிங்ஸ் சுவருக்கு மேலே எழுந்து, விளக்கொளியில் ஒரு சுற்றுச் சுற்றி, முன்பு ஐஸ்கிரீம் சாப்பிட்ட அந்தக் குழந்தை நின்ற இடத்துக்கே வந்து இறங்கியது. சுவரொட்டிக்கு முன் இருவர் நின்று, அடைப்புக்குறிக்குள் இருந்த தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிச் செய்தி: வெரோனாவுக்குப் போகிறவர்களுக்கு

விழா ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வாக்கில் முடியும். மிலானுக்கும் வெனிஸுக்கும் நடுவில் இருக்கிறது வெரோனா. இரண்டு ஊர்களிலிருந்தும் ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். போர்த்தா நுவோவா நிலையத்திலிருந்து அரங்கத்துக்கு நடந்தே போகலாம்.

சீட்டு எடுப்பதற்கு முன், எந்தத் தேதியில் யார் பாடுகிறார்கள் என்று பாருங்கள். கடைசி நேரத்தில் பெயர் மாறினாலும் மனம் தளர வேண்டாம்.

கீழே நாற்காலி வரிசைகளில் விலை அதிகம். அங்கே நேர்த்தியான உடையோடு வருவார்கள். கல்படிகளில் விலை குறைவு. எண் இல்லாத படிகளுக்கு, கதவு திறக்கும்போதே போய் இடம் பிடிப்பது நல்லது. மெத்தை அவசியம். கண்ணாடிப் புட்டிகளை உள்ளே விடமாட்டார்கள்.

காட்சி இரவு ஒன்பது மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவு தாண்டும். மெல்லிய மழைச்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். மழையால் நாடகம் தொடங்கவே இல்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்கும். தொடங்கிய பிறகு நின்றுபோனால் கிடைக்காது.

கதையைப் படித்துவிட்டுப் போங்கள். பாடலை ஒரு முறையாவது கேட்டுவிட்டுப் போங்கள். முடிந்தால், இரண்டு இரவுகள் பாருங்கள்.